குறும்படமும் ஸனதும்

‘புறம்போக்கு’ என்பது நிலக்கணக்கில் வழங்கும் பழஞ்சொல். தனியொருவர்க்கு உரியதாகாமலும் தீர்வைக்கு உட்படாமலும் ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட ஆறு, ஏரி, கழி, மேய்ச்சல் தரை ஆகியவற்றை அது குறிக்கும். நம் ஃபிக்ஹு நூல்கள் ஆற்றங்கரையையும் கிணற்றைச் சூழ்ந்த நிலத்தையும் ‘ஹரீம்’ என வகுத்து, எவரும் வளைத்துக்கொள்ளலாகாது என விலக்கி வைத்திருப்பதை இதனோடு ஒப்புநோக்கலாம். அரபியில் அச்சொல் கண்ணியத்தோடு நிலைத்துவிட்டது. தமிழிலோ பொதுநிலத்தின் பெயர் தெருச்சண்டையில் எறியும் வசைச்சொல்லாகத் தாழ்ந்து போயிற்று.

அச்சொல்லை மீட்கவென்றே 2017 ஜனவரியில் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்னும் குறும்படம் வெளிவந்தது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதிய பாட்டுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். களம், கொசஸ்தலையாறு கடலை அடையும் எண்ணூர்க் கழி. வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பற்குளத்துக்கு அனுப்புவர். குழாய்கள் ஒழுகி ஆற்றுக்குள் சாம்பல் படிந்தது, ஆழம் குறைந்தது, மீன்பாடும் குறைந்தது. இவ்வளவையும் ஒரு பாட்டுக்குள் அடக்கிய திறம் பாராட்டற்பாலதே. எனினும் அதில் பாடும் குரல் வெளியிலிருந்து வந்த ஒருவருடையது. அதை அப்படம் மறைக்கவில்லை என்பதுதான் அதன் நேர்மை. பாடகர் முகக்கவசத்துடன் தோன்றுகிறார். காட்டுக்குப்பத்தில் வலை வீசுகின்றவர் கவசம் பூண்டு தொழிலுக்குப் போவதில்லையே! நான் இவ்விடத்தான் அல்லேன், வந்து போகிறவன் என்பதை அந்தக் கவசமே சொல்லிவிடுகிறது.

திரைப்படம் பற்றி ஓர் உஸ்தாது எழுதுவதா என முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் உளர். நம் இல்லத்துப் பிள்ளைகள் காட்சித் தொடர்பியல் பயிலத் தொடங்கிய பிறகு அவ்வினா காலங்கடந்தது. எம்மிடம் சிறு பருவத்தில் ஓதிய மாணவர் ஒருவர், இராயபுரத்தைச் சேர்ந்தவர், இப்பொழுது அக்கல்வி பயில்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழியெங்கும் பரவியதை அவர் பதினொரு நிமிடப் படமாக எடுத்தார். அப்படம் உருவான விதம் பற்றிக் கல்லூரிக்கென எழுதிய பக்கங்களையும் எமக்குப் படிக்கத் தந்தார்.

படம் வானிலிருந்து தொடங்குகிறது. பறக்கும் காமிரா காட்டும் கழியில் எண்ணெய் மயில்தோகைபோல் மின்னுகிறது. அழகுதான், அந்த அழகே எமக்கு உறுத்தலாயிற்று. நாசத்தை இத்துணை எழிலாகக் காட்டினால் காண்பவர் மனம் வருந்துமா, வியக்குமா? எழுதிய பக்கங்களிலும் வெளிச்சம் போதாமை, ஒலிவாங்கியில் புகுந்த காற்று, படத்தொகுப்பு மென்பொருள் என்றே பெரும்பகுதி செல்கிறது. நடுவே ஒரே ஒரு வரி: படகில் ஒட்டிய எண்ணெயை வாளியும் வெறுங்கையுமாக வழித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், இதை எடுத்துப்போய் என்ன செய்யப்போகிறாய் தம்பி என்று இடைமறித்துக் கேட்டதால் அக்காட்சி ‘கெட்டுவிட்டது’, ஆகவே நீக்கப்பட்டது.

ஹதீஸ்கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டவுடன் முதலில் வினவுவது அதன் ஸனதை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் நேரிற் சந்தித்தனரா என்பனவெல்லாம் தெரிந்த பின்னரே செய்தியின் பொருளுக்குள் செல்வர். செய்தியைப் பெறும் வழிகளிலும் தரம் உண்டு. ஆசிரியரின் வாய்மொழியை நேரிருந்து கேட்கும் ‘ஸமாஃ’ முதல்தரம். எங்கோ கிடைத்த ஏட்டைப் பார்த்து எடுத்துரைக்கும் ‘விஜாதா’ கடைத்தரம். வானிலிருந்து எடுத்த அந்தக் காட்சி விஜாதாவே. அம்மையாரின் வினாவோ ஸமாஃ. சொல்பவரும் கேட்பவரும் நேர்நின்ற அந்த ஒரு கணத்தைத்தான் மாணவர் கத்தரித்து எறிந்திருக்கிறார்.

உள்ளூர்ப்பிள்ளை என்பதால் ஸனது தானே வந்துவிடாது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் சில கல் தொலைவுதான். ஆயினும் அக்கழியில் அவரும் வந்து போகிறவரே. கிருஷ்ணாவின் முகத்திலிருந்த கவசம் இவர் படத்தில் இல்லை.

வெளியார் ஒருவர் எவ்வாறு உள்நுழையலாம் என்பதற்குப் பாரசீகக் கவிஞர் ஃபுரூக் ஃபருக்ஸாத் 1962 இல் எடுத்த ‘கானே ஸியாஹ் அஸ்த்’ நல்ல சான்று. தப்ரீஸ் நகரை அடுத்த தொழுநோயாளர் குடியிருப்பில் பன்னிரண்டு நாட்கள் எடுக்கப்பட்ட படம். இருபது நிமிடங்களுக்குச் சற்றே மிகும். சிதைந்த முகங்களைக் காமிரா நெருங்கிப் பார்க்கிறது. அம்முகங்களும் காமிராவைத் திரும்பப் பார்க்கின்றன. ‘வீடு கறுப்பாயிருக்கிறது’ எனப் பொருள்படும் அப்பெயரும் இயக்குநர் வெளியிலிருந்து சூட்டியதாகப் படத்தில் தோன்றுவதில்லை. பள்ளிக்கூடக் காட்சியில் ‘வீடு’ என்னும் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்குமாறு ஆசிரியர் கூற, அங்குள்ளவர் ஒருவர் கரும்பலகையில் எழுதுவதே அது. எடுத்து முடித்துத் திரும்பியபோது ஃபருக்ஸாத் அக்குடியிருப்பின் சிறுவன் ஒருவனைத் தம் மகனாக ஏற்று உடனழைத்துச் சென்றார். இத்தகைய ஈகையை ஒரு மாணவரிடம் எவரும் கேட்கவில்லை. ஒரு வினாவுக்கு விடை சொல்லுமளவு நின்றிருக்கலாம்.

வடசென்னை என்றாலே கத்தியும் குருதியும் என்னும் எண்ணத்தைப் பெரும்படங்கள் பரப்பிவிட்டன. 2018 இல் வந்த ‘வட சென்னை’யின் அடியில் ஓடுவது கடலோர மக்கள் தம் குடியிருப்பைக் காக்கும் கதை, ரசிகர் நினைவில் நின்றதோ கத்தி. எனவே இப்பகுதியின் பெயரும் புறம்போக்கு என்னும் சொல்லைப்போல் வசையாகிவருகிறது. அதை மாற்றக்கூடியவர்கள் கைப்பேசியால் படமெடுக்கும் இப்பிள்ளைகளே. இக்குறிப்பைச் சற்றுக் கடுமையாக எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

நீக்கிய காட்சி அழியாமல் மாணவரிடம் இருக்கிறதாம். அதைத் தலைப்பில் வைத்து, அம்மையாரை மீண்டும் சந்தித்து விடை கூறி, அவ்விடைக்கு அவர் சொல்வதையும் சேர்த்துப் படத்தைத் திரும்பக் கோக்குமாறு கூறியுள்ளோம். அவ்வாறு செய்தால் பதினைந்து நிமிடம் ஆகிவிடும், கல்லூரிப் போட்டியில் ஏற்கமாட்டார்கள் என்பது அவர் கவலை.