சித்திரக்கதையும் நாவலும்

நாவல் படித்தால் அது படிப்பு. சித்திரக்கதை படித்தால் அது பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றி நிற்கிறது. மாணவரின் வாசிப்பேட்டில் சித்திரக்கதையின் பெயரைக் கண்டதும் சிவப்பு மையைத் தேடும் ஆசிரியர் இன்றும் உளர். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை இந்நாட்டு நூல்கள் இரண்டைக் கொண்டு ஆராய்வோம். ஒன்று, ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்'. மற்றொன்று, கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்'. முன்னது சித்திரக்கதை, பின்னது நாவல். இரண்டும் ஆங்கிலத்தில் எழுந்தவை. இரண்டிலும் ஒரு சிறுவன், கல்வியின் பொருட்டுத் தான் பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு வெளியேறுகிறான். ஆதலின் இரண்டையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுப்பது தகும்.

லாட் காட்டுவது பேராக் மாநிலத்தின் ஈயவளம் மிக்க கிந்தாப் பள்ளத்தாக்கு. பெரும்பாலும் பக்கத்தை நிறைக்கும் ஓர் ஓவியம். அதனோடு கையால் எழுதிய சில வரிகள். எழுத்து அடக்கமாக ஒன்றைச் சொல்லும். ஓவியம் அதனுள் மறைந்த நகைப்பை வெளிப்படுத்தும். தோழரோடு கூடி ஈயம் அரிக்கப் போய்த் தந்தையின் சினத்துக்கு ஆளாகும் சிறுவனைப் பாருங்கள். அங்கே அறிவுரை எதுவும் எழுதப்படவில்லை. தந்தையின் உடல் வளைவும் மகனின் ஓட்டமுமே போதுகின்றன. எழுதாது விடப்பட்டதைப் படிப்பவன் தன் கண்ணால் தேடிக் கொள்ள வேண்டும். இஃது உழைப்பு அன்று என்பவர், அந்நூலைப் புரட்டினார், படித்தாரல்லர்.

சிறுவன் ஈப்போவில் தங்கிப் படிக்கப் புறப்படும்போது, ஈய லம்பம் அவன் ஊரை நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. தந்தையின் நிலமும் ஒருநாள் விலைபோகலாம். சிரிக்க வைத்த நூல் இங்கே நம்மை வாய்மூட வைக்கிறது.

மணியத்தின் களம் கெடாவிலுள்ள பீடோங். இந்தியாவிலிருந்து மூன்று மைந்தரோடு வந்த பெரியதாய் என்னும் மூதாட்டி உழைத்து ஒரு வீடு எழுப்புகிறாள். ஆனால் அம்மண்ணுக்கு உரிமைப் பத்திரம் கிட்டவில்லை. அவ்வேட்கை அவள் மகன் நைனாவைப் பற்றிக் கொள்கிறது. அவரும் வீடு கட்டுகிறார், நெருப்பில் முடிகிறார். பேரன் ரவியோ தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கும், பின்னர் ஆசிரியப் பயிற்சிக்கு இங்கிலாந்துக்கும் சென்று மீள்கிறான். அதற்குள் தந்தைக்கும் அவனுக்கும் இடையே ஒரு மொழியே இல்லாமற் போய்விடுகிறது. நெருப்பை ஓவியர் ஒரே பக்கத்தில் தீட்டிவிடலாம். ஆனால் தந்தை மீது மகன் கொள்ளும் வெட்கமும் இரக்கமும் விலகலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்தவை. அவ்வளர்ச்சியை உணர்த்த நாவலின் நெடிய நடை வேண்டும்.

இதனால் ஓவியம் அகத்தைத் தொடாது என்று கொள்ளற்க. ஆர்ட் ஸ்பீகல்மன் தம் தந்தை நாஜிக் கொடுமைக்குத் தப்பிய வரலாற்றை 'மௌஸ்' என்னும் சித்திரக்கதையாக வரைந்து, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றார். வடிவம் தாழ்ந்ததன்று, கையாள்பவர் கையே உயர்வு தாழ்வு செய்கிறது. குறைகளும் இரண்டிலும் உண்டு. லாட் துயரத்தின் வாயிலில் நெடுநேரம் நிற்பதில்லை. மணியத்தின் பிற்பகுதி முதிர்ந்த வாசகரையே திணற வைக்கும். தொடக்கப் பள்ளி மாணவர்க்கு அது ஏற்றதன்று.

எனினும் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு, தனித்துப் படித்தால் தோன்றாத உண்மை ஒன்று தோன்றும். ஒரு தந்தைக்கு விற்பதற்கு நிலம் இருக்கிறது. மற்றவர்க்கு நிலைப்பதற்கே நிலம் இல்லை. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலைக் கண்ட சமூகம் நம்முடையது. தலைமுறை தலைமுறையாகத் தமதல்லாத லயங்களில் வாழ்ந்தோரின் வழிவந்த பிள்ளைகளே நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். இவ்வேறுபாடு அவர்களுக்குப் பாடநூலைக் காட்டிலும் நெருங்கிய செய்தியன்றோ?

ஆசிரியர்கள் செய்யத்தக்கது எளிது. லாட்டின் நூலை மாணவர் கையில் கொடுங்கள். நாவலை நீங்கள் படித்து, அதன் கதையைத் தமிழில் எடுத்துரையுங்கள். பின்னர்த் தாம் குடியிருக்கும் வீட்டை முதலில் வரையவும், அந்த வீடு யாருடையது என்பதைப் பிறகு எழுதவும் சொல்லுங்கள். வரைந்ததில் எழுத இயலாதது இருக்கும். எழுதியதில் வரைய இயலாதது இருக்கும். அதனைக் கண்ட மாணவனுக்கு இரு கலைகளின் இயல்பும் விளங்கும். நம் சிவப்பு மையும் ஓய்வு பெறும்.