மரகத மோதிரத்தில் மறைந்திருக்கும் எண்ணெய்

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை மூட்டையை யாரும் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. ஒரு கை அள்ளி, உடைத்து, பருப்பைப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். அதே வீட்டில், மே மாதம் பிறந்த பிள்ளைக்கு ‘பிறந்த மாதக் கல்’ என்று மரகத மோதிரம் எடுக்கும்போது அந்தச் சோதனை காணாமல் போகிறது. கேட்டால், நம்பிக்கையோடு போடுவதில் என்ன ஆராய்ச்சி என்கிறார்கள். தவறு இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

மரகதத்தின் அழகை மறுப்பதற்கில்லை. பெரில் கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ கலந்து வரும் அந்தப் பச்சைக்கு ஈடு குறைவு. பிறந்தநாளுக்குக் கல் கொடுப்பதும் அன்பான வழக்கம்தான். மே மாதத்துக்கு மரகதம் என்ற இன்றைய பட்டியலை 1912இல் வகுத்தவர்கள் அமெரிக்க நகை வணிகர்கள். நம் ஜோதிடம் அதைப் புதனின் கல்லாக மிதுனத்துக்கும் கன்னிக்கும் சொல்கிறது. இந்த முரண்பாட்டைக்கூட விட்டுவிடலாம்.

விட முடியாதது எண்ணெய்.

மரகதம் பெரும்பாலும் உள்விரிசலோடுதான் மண்ணிலிருந்து வருகிறது. அந்த விரிசல்களில் தேவதாரு எண்ணெயையோ பிசினையோ ஏற்றினால் கல் தெளிந்து தெரியும். நிறமற்ற எண்ணெயைச் சொல்லிவிட்டு விற்பதை உலகச் சந்தை ஏற்கிறது. பச்சைச் சாயம் கலந்த எண்ணெயை ஏற்றி, வாய் திறக்காமல் விற்பது மோசடி. பாத்திரம் துலக்கும் கையில், சூடான சோப்புத் தண்ணீரில் நாள்தோறும் நனையும் மோதிரத்தில் எண்ணெய் மெல்ல வற்றுகிறது. வெள்ளைக் கோடுகள் தலைகாட்டுகின்றன. உடனே ‘கல் ராசியில்லை’ என்று பழி பிள்ளையின் ஜாதகத்தின் மேல் விழுகிறது!

தங்கத்தில் ஆறிலக்க ஹால்மார்க் எண்ணைத் தேடிப் பார்க்கப் பழகிவிட்டோம். அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். பக்கத்திலேயே பதிந்திருக்கும் கல்லைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தராசைப் பார்க்கிறார்கள்.

கல்லைச் சோதிப்பது நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைக் கடைத்தெருவின் மரகதத்தைப் பேசும்போது, குற்றம் நீங்கிய கல்லென்றே அடையாளம் சொல்கிறது. மரபின் பெயரால் கல்லை விற்பவர்கள் அந்த மரபையாவது மதிக்க வேண்டாமா?

இந்த மே மாதம் மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் ரத்தினப் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள். எண்ணெய் இல்லையா, குறைவா, மிதமா, அதிகமா என்று ரசீதிலும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.