கரையில் நின்று பார்த்த கடல்

பாம்பனிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். நாலே வரி. என்னுடைய நாவல் ஒன்றில் மதுரைக்காரப் பையன் ஒருவன் முதல் தடவையாக மீன்பிடி படகில் ஏறி, இரவு முழுவதும் கடலில் இருந்துவிட்டுத் திரும்புகிற அத்தியாயம் உண்டு. நிலா, அலை, தூரத்து விளக்கு, அவன் மனசில் ஓடுகிற எண்ணங்கள் என்று பதினோரு பக்கம் போகிறது. நல்ல அத்தியாயம் என்று நாலு பேர் சொல்லி, நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். கடிதம் எழுதியவர் கடல் தொழில் செய்கிறவர். அவர் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: அந்தப் பையன் ஏன் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை?

முதலில் சிரித்தேன். பிறகு கொஞ்சம் கோபம் வந்தது. இலக்கியம் என்றால் வாந்தியையும் பேதியையும் எழுதுவதா என்று ஒரு பதில்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

நான் இருப்பது கோரிப்பாளையத்தில். தேவர் சிலையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வைகை. ஏ.வி. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வருஷத்தில் பல மாதம் மணலும் நாணலும்தான் தெரியும். அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குமட்டலெல்லாம் கொடைக்கானல் பஸ்ஸில் வருகிற குமட்டல்தான். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறினதும் பாதி பஸ் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்ளும். இஞ்சி மரப்பா விற்கிறவனுக்கு அன்றைய பிழைப்பு அதில்தான். அந்த அளவு ஞானத்தை வைத்துக்கொண்டு கடலை எழுதிவிட்டேன்.

ஆனால் குற்றம் என் ஒருவனுடையதா? அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

நம்முடைய இலக்கியத்தில் கடலுக்கு ஆதியிலிருந்தே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நெய்தல் என்று திணைக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திணையின் உரிப்பொருள் இரங்கல். அதாவது கடலுக்குப் போனவனை நினைத்துக் கரையில் இருக்கிறவள் வருந்துவது. புன்னை மரமும் கானலும் தாழையும் வருகின்றன. மீன் உலர்த்துகிற பெண் வருகிறாள். அலை வந்து மோதுகிறது. எல்லாம் கரையிலிருந்து தெரிகிற காட்சிகள். திமில் ஏறிப் போகிறவர்கள் வந்தாலும், அவர்கள் வயிறு என்ன பாடுபடுகிறது என்பது புலவனுக்கு விஷயமாக இல்லை. புலவன் மணலில் நின்றான். இரண்டாயிரம் வருஷமாக நாமும் பெரும்பாலும் அதே மணலில்தான் நிற்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கினார். கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி, பூங்குழலியைத் துடுப்புப் போடச் செய்தார். தமிழ் வாசகர்கள் மறக்காத பயணம் அது. ஆனால் அங்கே கடல் ஒரு மேடை. இரண்டு பாத்திரங்கள் தனியாகப் பேசிக்கொள்வதற்காகப் போட்ட மேடை. கல்கியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர் ஒப்புக்கொண்ட காரியம் வேறு. அதை அழகாகச் செய்தார். சாண்டில்யனின் ‘கடல் புறா’வை மூன்று பாகமும் விடாமல் படித்தவன் நான். கப்பல் வியூகங்கள் இன்னும் ஞாபகத்தில் நிற்கின்றன. தளத்தில் நிற்பவர்களின் கால் ஆடியதாக ஒரு ஞாபகமும் நிற்கவில்லை. சரித்திர நாவலில் கதாநாயகனுக்கு வயிறு என்று ஓர் உறுப்பு இருப்பது விருந்துக் காட்சியில் மட்டும்தான் தெரியவருகிறது.

நிஜச் சரித்திரத்தில் அப்படி இல்லை. டிரஃபால்கர் கடற்போரில் 1805இல் வென்ற நெல்சன், ஆயுள் முழுதும் கடல் மயக்கத்தோடு போராடினவர். டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் இருந்தபோது, கடல் கொந்தளித்தால் தொட்டில் படுக்கையில் விழுந்து கிடப்பார். உலர்ந்த திராட்சையைத் தவிர எதையும் அவர் வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. இவர்களைவிட நம்முடைய இளைய பல்லவன் திடகாத்திரன் என்று வைத்துக்கொள்வோம்.

தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வந்தது. சுந்தர ராமசாமியின் தமிழில் அதை வாசித்தபோது பழனியோடு நானும் துடுப்புப் போட்டேன். பழனி சுறாவோடு போராடுகிற கடைசிப் பகுதியில் கடல் நிஜமாகவே கடல்தான். இருந்தாலும் அந்த நாவலின் உயிர் கரையில் இருக்கிறது: கரையில் மனைவி எப்படி நடந்துகொள்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் கடலில் கணவனின் உயிர் என்ற நம்பிக்கையில். மறுபடியும் நெய்தல்!

வண்ணநிலவன் ‘கடல்புரத்தில்’ என்று 1977இல் ஒரு சிறிய நாவல் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் ஒன்று. லாஞ்சுக்கும் வல்லத்துக்கும் நடக்கிற சண்டை, வல்லத்தை விற்க மனசில்லாத குரூஸ் மிக்கேல், பிலோமியின் துயரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவரிடம் ஒரு நேர்மையும் இருக்கிறது. தலைப்பிலேயே தான் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறார்: கடலில் அல்ல, கடல்புரத்தில். கரையில் நிற்கிறவன் கரையில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டால் அவனிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. என்னைக் கேட்டது நியாயம். நான் படகில் ஏறினதாகப் பாவனை செய்தேன்.

ஜோ டி குரூஸ் உவரியில் பிறந்தவர். கப்பல் தொழிலோடு சம்பந்தம் உள்ளவர். அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ (2004) வந்தபோதுதான் கடலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் முழு நாவலாகத் தமிழில் கேட்டது. கடலில் சிக்கித் தத்தளிக்கிறவர்களின் கதை இடையிடையே வந்துகொண்டே இருக்கிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை நானும் வாசகனாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கஷ்டம்தான், ஆனால் கடல் சுலபமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சாகித்திய அக்காதெமி 2013இல் அவருடைய ‘கொற்கை’க்குப் பரிசு கொடுத்தது. எனக்கு முதல் புத்தகத்தின் மேல்தான் பிரியம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிட்டேன். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, தனி ஆளாக வாழ்ந்து, 1997இல் காலமானார். ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல்தான் அச்சேறியது. அந்தப் புயல் பகுதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். சாதாரணமாக நிதானமாக நடக்கிற அவருடைய வாக்கியம், தொங்கான் புயலில் மாட்டினதும் உடைந்துபோகிறது. துண்டு துண்டான சொற்கள், ஓசைகள், எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். அந்தப் பக்கங்களில் யாருக்கும் யோசிக்க அவகாசம் இல்லை. தண்ணீர் இல்லாத வைகைக் கரையில் உட்கார்ந்து தமிழின் மிகச் சிறந்த புயலை ஒருவர் எழுதியிருக்கிறார். எனவே மதுரைக்காரன் என்பது எனக்குச் சாக்கு ஆகாது.

வேறு வழியில்லாமல் ஆடி மாதத்தில் பாம்பனுக்குப் போனேன். கடிதம் எழுதியவருக்கு நாற்பது வயதிருக்கும். பாம்பனுக்கு வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. அவர்களுக்கு வடகடல், தென்கடல். ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வடகடல் கொஞ்சம் சாதுவாக இருக்கும், தென்கடல் ஆடும். “வடகடலுக்குப் போனா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. தென்கடலுக்கே போவோம்” என்றார். “சரி தம்பி” என்றேன், வீராப்பாக.

மருந்துக்கடையில் அவோமின் மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னதை மறந்து, படகில் ஏறின பிறகு விழுங்கினேன். அது போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று. வயிறு புரளத் தொடங்கின பிறகு மாத்திரை உள்ளே தங்குவதே இல்லை. வெறும் வயிறாகப் போனால் நல்லது என்று நினைத்து மத்தியானமே சாப்பாட்டை விட்டிருந்தேன். அதுவும் தப்பாம். காரமும் எண்ணெயும் இல்லாமல் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

குருசடைத் தீவைத் தாண்டுகிறவரை ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் கொட்டாவி வந்தது. கொட்டாவிதான் முதல் அடையாளம் என்று எனக்குத் தெரியாது. ராத்திரிச் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு வாயில் உமிழ்நீர் ஊறியது. நெற்றியில் சில்லென்ற வேர்வை. படகு ஓடுகிறவரை தாக்குப்பிடித்தேன். எஞ்சினை நிறுத்தி வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரம்தான் பொல்லாதது. ஓடுகிற படகு அலையை அறுத்துக்கொண்டு போகிறது. நிற்கிற படகை அலை உருட்டி விளையாடுகிறது. டீசல் நாற்றமும் மீன் கவிச்சியும் அசையாமல் நம்மைச் சுற்றி நிற்கின்றன. என் அத்தியாயத்தில் பையன் நிலாவைப் பார்த்துத் தன் அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் சிந்திப்பது மிகச் சரியாக இந்த நேரத்தில்தான். எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. யார் ஞாபகமும் வரவில்லை. கரை என்று ஒன்று உண்டா என்பதைத் தவிர வேறு சிந்தனையே இல்லை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து தடவை வாந்தி எடுத்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காத சங்கதி ஒன்று நடந்தது. படகில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான், கடலோரத்தில் பிறந்தவன், இரண்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். அவனும் வாந்தி எடுத்தான். பழக்கம் விட்டுப்போனால் கடல் யாரையும் விடாதாம். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் பழகிவிடுமாம். ஆனால் அவன் வாந்தி எடுத்த விதம் வேறு. பக்கவாட்டில் குனிந்தான், எடுத்தான், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான், வலைக் கயிற்றை மறுபடி பிடித்துக்கொண்டான். அதற்காக ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் ஏன் வாந்தி எடுக்கவில்லை என்ற கேள்விக்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நகரத்துக்காரனின் பலவீனத்தைக் காட்டவில்லை என்று அவர் குறைப்படவில்லை. அவர்கள் செய்கிற வேலையின் ஒரு பகுதியை, அழகுக்காக, நான் துடைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

கீழே பார்க்காதீர்கள், ராமேஸ்வரம் டவரைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் அது. இருட்டில் அதன் விளக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. பிற்பாடு இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடம்பு ஆடுவதை அவை மூளைக்குச் சொல்கின்றன. கண்ணோ படகின் பலகையைப் பார்த்து ஒன்றும் ஆடவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு தண்டனை அனுபவிக்கிறது. உள்காது வேலை செய்யாதவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1882இலேயே கவனித்திருக்கிறார். தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒருவாறு சமாதானம் ஆகின்றன.

திரும்பும்போது சுக்கானை என் கையில் கொடுத்தார். தானும் மேலே கை வைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் குமட்டல் பாதியாகக் குறைந்தது. ஓட்டுகிறவனுக்கு அடுத்த அலை எந்தப் பக்கம் வரும் என்று தெரிகிறது. அவன் உடம்பு முன்கூட்டியே அதற்குச் சாய்ந்துகொடுக்கிறது. பஸ்ஸில் டிரைவர் வாந்தி எடுத்து யாராவது பார்த்திருக்கிறோமா? என் அத்தியாயத்தின் கோளாறு எனக்கு அங்கே தெரிந்தது. எழுதும்போது சுக்கான் என் கையில் இருந்தது. எந்த வாக்கியத்தில் அலை வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சௌகரியத்தைத் தூக்கி, ஒன்றும் தெரியாமல் பலகையில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் கொடுத்துவிட்டேன். சிங்காரம் கொடுக்கவில்லை. தம் வாசகனைப் பிரயாணியாகவே உட்கார வைத்தார்.

அந்த நாவல் மறுபதிப்புக்குப் போனபோது பதினோரு பக்கத்தை நாலாக்கினேன். அப்பாவைப் பற்றின சிந்தனை போய்விட்டது. நிலா இரண்டு வரியோடு நிற்கிறது. பையன் வாந்தி எடுக்கிறான். கூட இருக்கிறவன் ஒருவனும் எடுக்கிறான், எடுத்துக்கொண்டே வலை இழுக்கிறான். அழகான அத்தியாயத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று பழைய வாசகர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நிலாவின் மேல் எனக்கும் ஆசை உண்டு.

பாம்பனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பதினைந்து நாளில் கடிதம் வந்தது. வாந்தி சரியாக இருக்கிறதாம். ஆனால் ஆடி மாத இரவில் வாடைக்காற்று வீசினதாக எழுதியிருக்கிறேனாம். ஆடியில் அடிப்பது சோளகம், வாடை ஐப்பசிக்கு மேல்தான் வரும் என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.