பார்வை நேரத்திற்குப் பிறகு

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் ஆஸ்பத்திரி நிறைய வருகிறது. தோட்டத்தில் ஒருவர் மயங்கி விழுகிறார், லாரியில் ஏற்றிப் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், அடுத்த பத்தியில் பிரேதம் லயத்து வாசலுக்கு வந்துவிடுகிறது. இல்லையென்றால் மகன் மைலோ டின்னோடு பார்க்க வருகிறான். கட்டிலில் கிடக்கும் அப்பாவைப் பார்த்ததும் பழைய ஞாபகங்கள் வருகின்றன. மணி அடித்ததும் எழுந்து போகிறான். கதை அவனோடு வெளியே வந்துவிடுகிறது.

நம் அரசு மருத்துவமனைகளில் பார்வை நேரம் பெரும்பாலும் மதியம் 12.30 முதல் 2.00 வரை, மாலை 4.30 முதல் 7.00 வரை. கூட்டினால் 4 மணி நேரம். நான் வாசித்த வரையில் நம் கதைகள் அந்த 4 மணி நேரத்துக்குள்ளேயே நடக்கின்றன. மிச்சமுள்ள 20 மணி நேரம் கட்டிலில் கிடப்பவருடையது. அதை நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை. இதைப் 'பார்வை நேர இலக்கியம்' என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வது உண்டு.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் எழுதிய புத்தகங்கள். கூலிமில் தொழிற்சாலை வேலை, சுங்கை பட்டாணியில் வீடு என்று இருக்கும் ஒருவன் இந்தப் புத்தகங்களை ஏன் தேடிப்போனான் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்.

நம் உடல் அணுக்களின் சுவரில் உப்பையும் நீரையும் சமன்படுத்தும் சிறு வாயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றை உருவாக்கும் மரபணு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால் இந்த நோய் வருகிறது. நுரையீரலில் சளி நீர் வற்றிப் பசைபோல ஒட்டிக்கொள்ளும், அதில் கிருமிகள் குடியேறும். கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, சாப்பிட்டது செரிக்காமல் போகும். வேர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறும். என்னைப் போன்ற பொறியாளனுக்கு இது குழாயும் திரவமும் சம்பந்தப்பட்ட விஷயமாகச் சட்டென்று புரிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குழாய் ஒரு குழந்தையின் நெஞ்சில் இருக்கிறது.

1938இல் டோரத்தி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். 1948இல் நியூயார்க்கில் கடும் வெயில் அடித்தபோது, சூட்டில் சுருண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் அதிகமாக இருந்தார்கள். அதைக் கவனித்ததிலிருந்துதான் வேர்வையில் உப்பை அளக்கும் சோதனை பிறந்தது. மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். இது வெள்ளையர் நோய் என்ற எண்ணம் ரொம்ப நாள் இருந்தது. இந்தியாவில் 1960களிலேயே ஒரு குழந்தையிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2005இல், மலாய்க் குழந்தைகள் ஐந்து பேரைப் பற்றிய அறிக்கை மருத்துவ இதழில் வந்தது. ஐந்தே பேர். நோய் இங்கே அரிது என்பது உண்மை. தேடினால்தான் கிடைக்கும் என்பதும் உண்மை. விடாத இருமலோடு ஒரு பிள்ளை வந்தால் நம் ஊரில் முதலில் கேட்பது காசமா, இளைப்பா என்றுதானே?

இப்போது புத்தகங்கள். ஃபிராங்க் டிஃபோர்ட் அமெரிக்காவின் பெயர்பெற்ற விளையாட்டு எழுத்தாளர். 8 வயதில், 1980இல் இறந்த தன் மகளைப் பற்றி 1983இல் 'அலெக்ஸ்: தி லைஃப் ஆஃப் எ சைல்ட்' எழுதினார். அலெக்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே நோய் தெரிந்துவிட்டது. அதனால் அவளுடைய முதல் மருத்துவமனை நாள்கள் அவளுக்கு ஞாபகமே இல்லாதவை, அப்பாவுக்கு மட்டுமே சொந்தமானவை. இது நேர்மையான புத்தகம். சளி இறங்குவதற்காக மகளைச் சாய்த்துப் போட்டுத் தினமும் நெஞ்சிலும் முதுகிலும் தட்டும் பெற்றோரின் கையை அதில் மறக்க முடியாது. ஆனாலும் அது தட்டும் கையின் கதை. தட்டு வாங்கும் முதுகு அதில் பேசுவதில்லை. பார்வை நேர இலக்கியத்தின் மிகச் சிறந்த நிலை என்று இதைச் சொல்லலாம்.

இசபெல், அனபெல் ஸ்டென்செல் இரட்டைச் சகோதரிகள் 2007இல் எழுதிய 'தி பவர் ஆஃப் டூ' வேறு இடத்தில் நிற்கிறது. அம்மா ஜப்பானியர், அப்பா ஜெர்மானியர். ஒருத்தி முதுகை மற்றவள் தட்டி வளர்ந்தவர்கள். தட்டுபவளும் நோயாளி, படுத்திருப்பவளும் நோயாளி. அதனால் இந்தப் புத்தகத்தில் இரக்கத்துக்கு அதிகம் இடமில்லை, சண்டைக்கு நிறைய இடம் இருக்கிறது. இன்று உனக்கு நான் தட்டமாட்டேன் என்று கோபத்தில் ஒருத்தி சொன்னால் அது உயிர் சம்பந்தப்பட்ட மிரட்டல். இந்த உறவை வெளியிலிருந்து பார்க்கும் எந்த எழுத்தாளரும் கற்பனை செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். எழுத்தாக, ஒழுங்கற்ற புத்தகம்தான். நீளமும் அதிகம். ஆனால் வார்டின் உள்ளே விளக்கை அணைத்த பிறகு என்ன நடக்கிறது என்பது இதில் இருக்கிறது.

மூன்றாவது, மேலரி ஸ்மித்தின் 'சால்ட் இன் மை சோல்'. 15 வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்புகள். இரட்டை நுரையீரல் மாற்று அறுவைக்குப் பிறகு 2017இல், 25 வயதில் அவர் இறந்தார். சுமார் 2,500 பக்கக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 2019இல் புத்தகமாக்கினார்கள். சந்தோஷமாக வாழ் என்பது அவருக்குப் பிடித்த வாசகமாம். புத்தகம் அந்த வாசகத்தை நோக்கி நகரும் இடங்களில் எனக்கு ஆர்வம் குறைந்தது. அலுப்பைப் பற்றி எழுதும் இடங்களில்தான் அவர் பெரிய எழுத்தாளர். இரண்டு வாரம் நரம்பில் ஏறும் மருந்து, பரீட்சைக்குப் படிக்க முடியாத தலைபாரம், நுரையீரல் அளவு ஒரு சதவீதம் ஏறியதா இறங்கியதா என்ற கணக்கு, காப்பீட்டு நிறுவனத்தோடு தொலைபேசியில் காத்திருப்பது. நோயாளிக்கு நோய் ஒரு வேலை, சம்பளம் இல்லாத முழுநேர வேலை என்பதை வேறெந்த புத்தகமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

இவற்றுக்குப் பக்கத்தில் 2019 மார்ச்சில் வந்த 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' படத்தை வைத்துப் பார்க்கலாம். நம்மில் பலருக்கு இந்த நோயின் பெயரே அந்தப் படத்தால்தான் தெரியும். நோயாளிகள் ஒருவர் கிருமியை ஒருவருக்குக் கொடுத்துவிடாமல் 6 அடி தள்ளி நிற்க வேண்டும். காதலிக்கும் ஸ்டெல்லா அதில் ஓர் அடியைத் திருடிக்கொள்கிறாள். படம் அழகு. ஆனால் ஸ்டெல்லாவுக்கு மருத்துவமனை முன்பே வீடு மாதிரி ஆகிவிட்டது. அவள் அங்கே முதல் முறை எப்படிப் பயந்திருப்பாள் என்பதைப் படம் தாண்டிப் போகிறது. காதலுக்குத் தேவையான வரைக்கும்தான் அதற்கு நோய் வேண்டும். படம் வந்த ஏழு மாதத்தில், நோயின் மூலத்தையே தொடும் ட்ரிகாஃப்டா மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். யாருக்கு அது கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது இனி எழுதப்பட வேண்டிய கதை.

நான் இவற்றைத் தேடிப் போனதற்குக் காரணம் என் பெரியம்மா மகன். பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கிடையாது. மூச்சுக்குழாய் விரிந்து சளி தேங்கும் வேறொரு நோய். அதற்கும் தினமும் சளியை வெளியே எடுக்க வேண்டும். 17 வயதில் முதல் முறையாக அட்மிட் ஆனார், 16 நாள். எங்கள் குடும்பத்தில் அந்த 16 நாளைப் பற்றி ஒரு கதை உண்டு. பெரியம்மா தினமும் பஸ் ஏறி ரசம் சாதம் கொண்டுபோனது, சுங்கை பட்டாணி முருகனுக்குக் காவடி நேர்ந்தது, 16வது நாள் அண்ணன் நடந்து வந்தது. கல்யாண வீட்டிலெல்லாம் இதைச் சொல்வார்கள். அதில் அண்ணனுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

போன வருஷம் அந்தப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். 6 அடி விதி வந்ததும் அவர் சிரித்துவிட்டார். "ஆறு அடியா? எனக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் மூணு அடிதான்டா இருந்துச்சு," என்றார். அப்புறம்தான் அவருடைய 16 நாள் வெளியே வந்தது. பக்கத்துக் கட்டில் பாக்சிக் ராத்திரி இருமினால் இவருக்கும் இருமல் வரும், இவர் இருமினால் அவர் தண்ணீர் நீட்டுவார். விடியற்காலை ஐந்து மணிக்கு மிஸ்ஸி பிரஷர் பார்க்க எழுப்புவார். டிரிப் சொட்டை எண்ணி எண்ணி ஆயிரம் வரை போவாராம். நோயின் பெயரை டாக்டர் சொன்ன அன்று நிம்மதியாக இருந்ததாம். "சோம்பேறின்னு சொன்னவங்ககிட்ட எல்லாம் காட்ட ஒரு பேரு கெடைச்சிருச்சு," என்றார். பெரியம்மாவின் கதையில் அந்த நாள்தான் எல்லாரும் அழுத நாள்.

ஒரே நாள், ஒரே கட்டில், இரண்டு கதை. ஒன்றை மட்டும்தான் நாம் கேட்டிருக்கிறோம்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு நம் வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கலாம். தோட்ட ஆஸ்பத்திரி என்பது வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் சட்டங்களின் கட்டாயத்தால் வந்தது. அங்கே டிரஸர் பார்த்துச் சொல்ல வேண்டிய முதல் விஷயம், இந்த ஆள் நாளைக்குப் பால் வெட்டப் போகலாமா கூடாதா என்பது. நோய் என்றால் பேர் போடாத நாள். அப்படிப்பட்ட இடத்தில் 'எனக்கு உள்ளே எப்படி இருக்கிறது' என்று பேசும் மொழி வளர வாய்ப்பில்லை. பேசியவர்களுக்குப் பாசாங்கு என்ற பெயர் காத்திருந்தது. இன்று தோட்டம் போய், பட்டணத்து மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட்டில் படுக்கை கிடைக்கிறது. மொழி மட்டும் இன்னும் டிரஸர் முன்னால் நிற்கிறது.

இந்த நோய்களோடு நமக்குச் சம்பந்தமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேலரியின் நுரையீரலை அழித்த புர்க்ஹோல்டேரியா செப்பேசியா என்ற கிருமிதான் படத்தின் நாயகன் வில்லிடமும் இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்று நம் கெடா மண்ணிலேயே, வயல் சேற்றிலேயே வாழ்கிறது. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை இந்த நோய் கண்ட 145 பேரைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தக் கிருமியை முதலில் விவரித்து 1912இல் எழுதியவர்கள் இரண்டு பேர், ரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் அவரோடு உழைத்த கிருஷ்ணசாமியும். அவர்கள் பார்த்த உடல்கள் அந்த நகரத்து ஏழைகளுடையவை. அந்த 145 பேரில் ஒருவர்கூட நான் வாசித்த எந்தக் கதையிலும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பேசவில்லை.

கெடாவுக்கு எழுத்தாளர் பஞ்சம் இல்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் என்று இந்த மண்ணை எழுதியவர்களின் வரிசை பெரிது. தோட்டத்தின் பசியையும் போதையையும் சாவையும் அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் என் தலைமுறை இலக்கியத்துக்குள் வந்தது. ஆகவே இது அவர்கள் மீதான குறை கிடையாது. அவர்கள் எழுதிய காலத்தில் சாவு பெரிய விஷயம். இப்போது நம்மைச் சுற்றி இருப்பவர்கள் சாகாமல் நோயோடு இருப்பவர்கள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவர்கள், இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள். நோயோடு இருபது முப்பது வருஷம் வாழும் ஒருவருக்கு முதல் அட்மிஷன் என்பது முடிவின் அறிகுறி கிடையாது. ஒரு புதுத் தொழிலில் சேர்ந்த முதல் நாள் அது. ஊசி எந்தக் கையில் போட்டால் வலி குறைவு, எந்த மிஸ்ஸியிடம் என்ன கேட்கலாம், வீட்டில் எவ்வளவு உண்மை சொல்லலாம் என்று அவர் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்.

அமெரிக்கப் புத்தகங்களை அப்படியே நகல் எடுத்தால் நமக்கு உதவாது. அவர்களுக்குத் தனி அறை. அந்தத் தனிமையில்தான் அவர்களுடைய நாட்குறிப்பு பிறக்கிறது. நமக்குத் திரை இழுத்த பொது வார்டு, பக்கத்துக் கட்டிலின் மூச்சு, மூன்று மொழியில் முனகல், பகிர்ந்துகொண்ட பிஸ்கட். நம் வார்டுக் கதை எழுதப்பட்டால் அது பல குரல் கொண்டதாகத்தான் இருக்கும். அதே பகிர்தல் கிருமியையும் பகிரும் என்ற பயமும் அதில் இருக்கும். இப்படி ஒரு களம் ஸ்டென்செல் சகோதரிகளுக்கும் மேலரிக்கும் வாய்க்கவில்லை.

அண்ணனிடம் எழுதச் சொன்னேன். "எனக்கு எழுத வராது, நீ கேளு, நான் சொல்றேன்," என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அப்படி எழுதினால் அதுவும் பார்க்க வந்தவன் எழுதியதாகிவிடும். அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை செக்-அப்புக்குக் காத்திருக்கும்போது எழுத ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.