இழுத்துக் கட்டிய கதிரை

ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் காற்றுதான் பங்களாக் கதிரைகளைப் பாழாக்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மலையின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்று இறங்கும்போது வறண்டுபோகிறது. அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி மணம் பிடிக்கிறது. அதே நாட்களில் விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையின் பிரம்பும் ஈரம் வற்றி முறுகுகிறது. ஒருநாள் யாரோ தொப்பென்று உட்கார, நடு இழை அறுகிறது. பிறகு வடகீழ்ப் பருவமழை வந்ததும் மிச்சமிருப்பது நனைந்து தொய்கிறது. இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனால் முதுகுப் பக்கம் முழுவதும் பைபோலத் தொங்கிவிடும்.

சட்டத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. தேக்கிலோ பலாவிலோ கடைந்த சட்டம் பல தலைமுறைக்கு நிற்கும். அதில் கட்டிய பிரம்போ சில வருஷங்களில் போய்விடும். போகும், போனால் புதிதாகக் கட்டலாம் என்று தெரிந்தே செய்த பொருள் இது. இந்தக் கதிரையின் அழகே அதுதான்.

சிங்களத்தில் இதை ‘ஹான்சி புட்டுவ’ என்பார்கள். தமிழர் வாயில் ஈசிச்சேர். நீண்ட கைகளுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் பலகையை வெளியே திருப்பினால் கால் நீட்ட இடம் கிடைக்கும். மலை ஏறி இறங்கி வந்த தோட்டத் துரை காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள அது உதவியது. பிரம்பு முடைந்த இருக்கை இந்தத் தீவுக்குத் தோட்டங்களோடு வந்ததென்று நினைக்கக்கூடாது. புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலையில், கோப்பித் தோட்டங்களுக்கு வெகு காலம் முந்திய பிரம்புக் கதிரைகளைப் பார்க்கலாம். ஒல்லாந்த, ஆங்கிலேயக் கம்பனிகளின் கப்பல்கள் கிழக்கிலிருந்து பிரம்பை ஏற்றிப்போன பிறகுதான், 17ஆம் நூற்றாண்டில், இலண்டன் வீடுகளிலும் பிரம்புக் கதிரை நாகரிகமானது. ஆங்கிலத்தில் பிரம்புக்கு வழங்கும் ‘ரட்டான்’ என்ற பெயரே ‘ரோத்தான்’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு. கொழும்பு–கண்டி வீதியில் இன்றும் பிரம்புக் கடைகள் வரிசையாக நிற்கும் வேவெல்தெனிய, சிங்களத்தில் பிரம்பைக் குறிக்கும் ‘வேவெல்’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது.

பழுது பார்ப்பது பழையதை அறுத்தெறிவதில் தொடங்குகிறது. அதன்பிறகு சட்டத்துத் துளைகளில் உடைந்து இறுகிக் கிடக்கும் முளைகளைத் தட்டி எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்த இடத்திலேயே மரத்தைப் பிளந்துவிடுவார். இருக்கைக்குப் பயன்படுவது கொடியின் மேல்தோல். அதைச் சீராகச் சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரம் இருக்கும்போதே நெய்வார்கள். முதலில் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நெடுக்கு இழைகள், அவற்றின்மேல் குறுக்கு இழைகள், திரும்பவும் நெடுக்கு, திரும்பவும் குறுக்கு. நான்காம் நடையில்தான் இழை மேலும் கீழுமாகப் பின்னி ஏறுகிறது. அதுவரை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா கிடக்கும். பிறகு இரண்டு மூலைவிட்ட நடைகள். அவை ஓடி முடிந்ததும் சதுரக் கண்கள் எண்கோணமாகத் திறந்துகொள்கின்றன. கடைசியாக ஓரத் துளைகளை மறைத்து ஒரு கட்டு. மொத்தம் ஏழு நடை.

சாதாரணக் கதிரையில் இருக்கை தட்டையாக இருப்பதால் வேலை சுலபம். சாய்மனையில்தான் கைத்திறன் தெரியும். தலையிலிருந்து தொடை வரை ஒரே பரப்பாக வளைந்து இறங்கும் சட்டத்தில், நெடுக்கு இழையை விறைப்பாக இழுத்தால் அது வளைவை விட்டெழுந்து நேர்கோடாக நின்றுவிடும். ஆகவே அதைச் சற்றுத் தளர்வாக ஓடவிட்டு, இரு பக்கச் சட்டங்களிலும் முளையடித்த குறுக்கு இழைகளால் வளைவுக்குள் அமுக்கிக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு தளர்வு என்பதற்கு அளவுகோல் கிடையாது. கை தெரிந்த பாஸ், இழையை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு முளையைச் செருகுவார். அந்த அழுத்தத்தில்தான் முழு வித்தையும் இருக்கிறது. தயாராக நெய்த பிரம்புப் பாயை வாங்கிச் சட்டத்துப் பள்ளத்தில் ஒட்டிவிடும் குறுக்குவழியும் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உட்கார்ந்தால் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். பிளாஸ்டிக் பிரம்போ மழைக்கு அசையாது. ஆனால் தண்ணீரைக் குடிக்காத பொருள் காயும்போது இறுகவும் மாட்டாது. உண்மைப் பிரம்பு லேசாகத் தொய்ந்திருந்தால், அடிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்துக் காயவிட்டாலே போதும், பெரும்பாலும் மீண்டுவிடும். மேற்புறத்தின் வழவழப்பு தண்ணீரை ஏற்காது, அடிப்புறம்தான் குடிக்கும்.

எல்ல, பண்டாரவளை விடுதிகளின் புல்வெளிகளில் இப்போது கிடப்பவை வேறு சாதி: இரும்புக் குழாய்ச் சட்டம், வலைத்துணி, இரண்டையும் இணைக்கும் இறப்பர்க் கயிறு. ரசனை உள்ளவர்கள் இவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அது தவறு. இங்கேயும் பாரத்தைத் தாங்குவது இழுத்துக் கட்டிய இழைதான். கயிற்றின் உள்ளே மெல்லிய இறப்பர் நூல்கள், வெளியே பின்னிய பொலியெஸ்டர் உறை. உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையாகும். மலை வெயிலில் உள்நூல்கள் வெடித்துப்போகும், உறை மட்டும் முழுசாகத் தெரியும். விரலால் இழுத்துப் பார்க்கும்போது திரும்பி வராவிட்டால் உயிர் போய்விட்டதென்று அர்த்தம்.

பலர் செய்யும் பிழை, நைலோன் கயிற்றால் கட்டிவிடுவது. நீளாத கயிறு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாது. துணியின் கண்வளையம் ஒன்று பிய்யும், அடுத்து துணியே கிழியும். அதே தடிப்பில் இறப்பர்க் கயிறு வாங்கி, நுனியை நெருப்பில் காட்டி உருக்கி அடைத்து, பழைய கயிறு போன வழியிலேயே, ஒரு கண் துணியில், ஒரு சுற்று குழாயில் என்று கோத்து வர வேண்டும். இரு பக்கமும் ஒரே இழுவை இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் உடம்பு ஒரு பக்கம் சரியும். அரை நாள் வேலை. அதற்குச் சோம்பி முழுக் கதிரையையும் குப்பையில் போடுகிறார்கள். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளோடு தொடங்கிய இறப்பர், இன்று இதே ஊவா மாகாணத்தின் மொனராகலை வரை பயிராகிறது. அதன் பால் ஒரு கதிரையைப் பிழைக்க வைக்க உதவினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பங்களாக்களில் பிரம்பு வேலையைச் செய்த கைகளைப் பற்றி எழுத்தில் அதிகம் கிடையாது. துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள், விறாந்தையில் சாய்ந்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். லயத்திலிருந்து பங்களாவுக்கு வேலைக்குப் போனவருக்கு அந்தக் கதிரையைத் துடைக்க அனுமதி இருந்தது, உட்கார இருக்கவில்லை. ஆனாலும் அதன் அடிப்புறம், முடிச்சுகள் ஒளிந்திருக்கும் பக்கம், துரையைவிட அவருக்கும் பாஸுக்கும்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய கதிரை வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

நெய்து முடித்த சாய்மனையில் உடனே யாரையும் உட்கார விடுவதில்லை. வெயில் படாத விறாந்தை ஓரத்தில், காற்று வரும் பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். முதல் நாள் விரலால் சுண்டினால் ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். ஈரம் போகப் போக இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பவும் சுண்டினால், காமன்கூத்துக்கு முன் நெருப்பில் காய்ச்சிய தப்புபோல் கணீரென்று கேட்கும்.