ஓ.எஸ்.சி.பி. முடிச்சாச்சு, அடுத்த படி ஏறணுமா?

சிறுசேரி, நாவலூர், செங்கல்பட்டு பக்கத்து மகிந்திரா வேர்ல்ட் சிட்டி என்று தகவல் பாதுகாப்பு வேலையில் இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஓ.எஸ்.சி.பி. வாங்கியாச்சு, இல்லன்னா சி.ஐ.எஸ்.எஸ்.பி. வாங்கியாச்சு. அதுக்கு மேல இருக்கிற மேல்நிலைச் சான்றிதழ்களுக்கு உழைக்கலாமா?

முதலில் விலையைப் பார்ப்போம். ஓ.எஸ்.சி.பி. தேர்வு 23 மணி 45 நிமிடம். அதே ஆஃப்செக் நிறுவனத்தின் ஓ.எஸ்.இ.பி., ஓ.எஸ்.டபிள்யூ.இ., ஓ.எஸ்.இ.டி. மூன்றும் தலைக்கு 47 மணி 45 நிமிடம். அப்புறம் அறிக்கை எழுத 24 மணி. மூன்றையும் முடித்தால் ஓ.எஸ்.சி.இ.3 என்ற பட்டம். ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் 1,500 டாலருக்கு மேல். மூன்றுக்கும் சேர்த்து நாலு லட்ச ரூபாயைத் தாண்டும். ஷிஃப்ட் முடித்து கேளம்பாக்கத்து வாடகை அறைக்குத் திரும்பும் ஒருவருக்கு இது சின்ன தொகை இல்லை. போகிற தூக்கமும் மாதங்களும் தனிக் கணக்கு.

சரி, இந்தச் சான்றிதழை யார் படிக்கிறார்கள்? மூன்று பேர். மனிதவளப் பிரிவு, வாடிக்கையாளரின் ஒப்பந்தம், அதே வேலை தெரிந்த சக ஊழியர். முதல் இருவரிடமும் இருப்பது பட்டியல். 1994-இல் தொடங்கிய சி.ஐ.எஸ்.எஸ்.பி. இவ்வளவு பரவ ஒரு காரணம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005-இல் வெளியிட்ட 8570 கையேடு. எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ் என்று அது வரையறுத்தது. அதில் மேல்நிலையான ஐ.எஸ்.எஸ்.ஏ.பி.க்கும் இடம் இருந்தது, ஆனால் மிக உயர்ந்த கட்டமைப்புப் பணிகளுக்கு. நம்ம ஊர் வேலை விளம்பரங்களில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், அலுத்துப் போவீர்கள். ஆக, மேல்நிலைச் சான்றிதழின் அருமை தெரிந்தவர் மூன்றாமவர் மட்டும்தான். சம்பளத்தை முடிவு செய்பவர் பெரும்பாலும் அவர் இல்லை.

அப்போ வீணா? அப்படியும் சொல்ல முடியாது. மாமல்லபுரத்துச் சிற்பி செதுக்கிய சிலையைச் சாலையோரத்திலேயே வைத்துவிடுகிறார். வாங்குபவர் பார்த்துத் தீர்மானிக்கலாம். ஊடுருவல் சோதனை செய்பவர் எழுதிய அறிக்கையோ ரகசிய ஒப்பந்தத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. காட்ட முடியாத வேலைக்குப் பதிலாகத்தான் சான்றிதழைக் காட்டுகிறோம். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்ட வேறு வழியும் உண்டு: திறமூல மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்து வாங்கிய சி.வி.இ. எண், நீங்களே எழுதி வெளியிட்ட கருவி, ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை. இவற்றுக்குக் கட்டணம் கிடையாது, காலாவதியும் கிடையாது.

தேவை எங்கே இருக்கிறது என்பதற்குக் கூடங்குளம் நல்ல பாடம். கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தை நடத்தும் அதே இந்திய அணுமின் கழகம்தான் அதையும் நடத்துகிறது. 2019 செப்டம்பர் 4-இல் செர்ட்-இன் எச்சரித்தது. அக்டோபர் 29-இல் அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது: இணையத்தோடு இணைந்த, நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது, உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனித்திருந்தது. இங்கே காப்பாற்றியது பிரித்து வைத்த வலையமைப்பு. அது அடிப்படைப் பாடம். ஆனால் டிட்ராக் என்ற அந்தத் தீநிரல் வகையைப் பிரித்துப் படித்து, லாசரஸ் குழுவோடு அதைத் தொடர்புபடுத்த ஆழமான பயிற்சி வேண்டும். முதல் வேலைக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆள் வேண்டும். இரண்டாவது வேலைக்கு நாட்டுக்கே சிலர் போதும். மேல்நிலைப் பாடங்கள் அந்தச் சிலருக்கான ஆழத்தைத் தொடுகின்றன. விளம்பரமோ எல்லோரையும் கூப்பிடுகிறது. என் குறை இதுதான்.

பாடங்களின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. ஓ.எஸ்.டபிள்யூ.இ. மூலநிரலை வாசித்து ஓட்டை தேடப் பழக்குகிறது. செயலிப் பாதுகாப்பில் இருப்பவருக்கு மறுநாளே கைகொடுக்கும். ஓ.எஸ்.இ.டி. விண்டோஸில் சுரண்டல் நிரல் எழுதக் கற்றுத்தருகிறது. அந்த வேலை ஓ.எம்.ஆரில் எத்தனை மேசைகளில் நடக்கிறது? கண்காணிப்பு மையத்தில் அலெர்ட் பார்ப்பவருக்கு ஓ.எஸ்.இ.பி.யைவிட, பதிவுகளை ஒழுங்காக வாசிக்கும் பழக்கம்தான் அடுத்த படி.

என்னைக் கேட்டால், கம்பெனி பணம் கட்டினால், அதுவும் பத்திரம் எழுதி வாங்காமல் கட்டினால், தாராளமாகப் படியுங்கள். கடன் வாங்கி மூன்றையும் சேர்ப்பது வேண்டாம். பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, கடந்த மூன்று மாதம் நீங்கள் செய்த வேலை, அடுத்த வருஷம் கேட்கப்போகும் வேலை இரண்டோடும் வரிவரியாக ஒப்பிடுங்கள். பாதி வரிகூடப் பொருந்தவில்லை என்றால், அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.