பெரியாழ்வார்: தத்துவமும் கவிதையும்

பெரியாழ்வார் (விஷ்ணுசித்தர்) ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த வைணவக் கவிஞர். பன்னிரு ஆழ்வார்களில் ஒருவர். இவருடைய காலம் பொ.யு. 9-ஆம் நூற்றாண்டு எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. திருப்பல்லாண்டு (12 பாசுரங்கள்), பெரியாழ்வார் திருமொழி (461 பாசுரங்கள்) ஆகியவற்றை இயற்றினார். வைணவ மரபு இவரை மதுரை அவையில் பரம்பொருளை நிறுவிய தத்துவவாதியாக நினைவுகூர்கிறது. அந்த விவாதத்தின் வாதங்கள் பாசுரங்களில் இடம்பெறவில்லை. இவரது தத்துவத்தைக் கவிதையின் வழியாகவே அறிய வேண்டியுள்ளது.

விவாதம்

குருபரம்பரை நூல்களின்படி, பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன் மறுமைக்கான வழியை அறிய விரும்பிப் பொற்கிழி கட்டி அறிஞர்களை அழைத்தான். நந்தவனம் அமைத்து மாலை கட்டிவந்த விஷ்ணுசித்தர், வடபத்ரசாயியின் ஆணையால் மதுரை சென்று திருமாலே பரம்பொருள் என நிறுவினார். கிழி தானே தாழ்ந்து வந்தது. அவர் யானைமேல் வலம் வந்தபோது திருமால் கருடன்மேல் காட்சி தந்தார். அவருக்குக் கண்ணேறு படுமோ என அஞ்சிப் பாடியதே திருப்பல்லாண்டு.

இக்கதையின் முரண் கவனத்திற்குரியது. கடவுள் எல்லாவற்றையும் காப்பவர் என்று நிறுவி வென்றவர், அடுத்த கணமே கடவுளுக்குக் காப்பு வேண்டுகிறார். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதை விளக்குகிறார். அறிவு நிலையில் காப்பவரும் காக்கப்படுபவரும் தத்தம் இடத்தில் இருப்பர். அன்பு நிலையில் அது தலைகீழாகும்.

பாசுரங்களில் தத்துவம்

திருமொழியின் சிறந்த பகுதிகள் யசோதையின் கூற்றாக அமைந்தவை. தாலாட்டு, அம்புலியை அழைத்தல், தளர்நடை, காது குத்துதல், நீராட்டுதல், பூச்சூட்டுதல் என அவை வீட்டு வேலைகளின் வரிசையில் செல்கின்றன. பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு இவை முன்னோடி. ஒரு பாசுரத்தில் தாய் குழந்தையின் நாக்கை வழிக்கிறாள். வாய்க்குள் ஏழுலகையும் காண்கிறாள். பரம்பொருள் பற்றிய கருத்து அன்றாட வேலையின் நடுவில் காட்சியாகிவிடுகிறது.

இறுதிக்காலம் பற்றிய பதிகம் வேறுவகையானது. உயிர் பிரியும் வேளையில் இறைவனை நினைக்க இயலாமல் போகலாம் என்பதால், நலமாக இருக்கும்போதே அரங்கனிடம் சொல்லி வைக்கிறார். பக்தியை மனித நினைவின் வலிமைமேல் நிறுத்த முடியாது என்ற சிந்தனை இதில் உள்ளது. வாதம் போலவே படிப்படியாகச் செல்லும் பதிகம் இது.

மறுஆக்கம்

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509-1529) தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா, ஆண்டாளுடன் விஷ்ணுசித்தரையும் மையமாகக் கொண்ட காவியம். அதில் விஷ்ணுசித்தர் முதலில் விருந்தோம்புபவர். மழைக்காலத்திலும் அடியவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுபவர். பின்னரே பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் வாதியாகிறார். பாசுரங்கள் சொல்லாமல் விட்ட வாதங்களை ராயர் தானே நிரப்பினார்.

தெலுங்கு பேசும் ராஜுக்கள் மிகுந்து வாழும் ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்துள்ள ஊர். அவ்வூரைச் சேர்ந்த பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா இக்காவியத்தைத் தமிழாக்கம் செய்தார். அதற்கு 1989-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். வில்லிபுத்தூரின் கதை தெலுங்குக்குச் சென்று, பக்கத்து ஊர்க்காரரின் வழியாகத் தமிழுக்குத் திரும்பியது.

மதிப்பீடு

திருமொழியின் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. தலங்களைப் புகழும் சில பதிகங்களில் அவதாரச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தாயின் குரல் ஒலிக்கும் இடங்களில் அந்தத் தளர்ச்சி இல்லை. பொற்கிழி வென்றவராக மட்டும் பெரியாழ்வாரைக் காண்பது அவரை அவையோடு நிறுத்திவிடும். வென்ற வாதம் அவையோடு முடிந்தது. வென்றபின் எழுந்த அச்சமே நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் தொடக்கமாக இன்றும் ஓதப்படுகிறது.